அறுத்த ஊரின் முத்திரை

பெயர் வைரக்கண்ணு. பிறந்த ஆண்டு 1979. ஊர் திருவையாற்றை அடுத்த ஒரு சிற்றூர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 2003 முதல் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டி வருகிறார். மனைவி வள்ளியம்மை. அவர்கள் வீட்டில் உள்ள முதல் தபால் அட்டையில் குத்தாலத்தின் வட்ட முத்திரையும் 2.2.2004 என்ற நாளும் தெளிவாக உள்ளன.

அந்த அட்டை சேகரிப்பதற்காக எழுதப்பட்டதன்று. அறுவடைக் காலத்தில் வண்டி ஊர் ஊராகப் போகும். ஓட்டுநர் வீடு திரும்ப ஒரு மாதம்கூட ஆகலாம். கைப்பேசி இல்லாத வீட்டுக்குத் தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க, ஒவ்வோர் ஊரிலும் அறுப்பு முடிந்தவுடன் அவ்வூர் அஞ்சலகத்தில் ஓர் அட்டை போட்டார். அதில் அறுத்த பரப்பும் அதில் கண்ட நெல் மூட்டையும் இருக்கும், வேறொன்றும் இராது. சில ஆண்டுகளில் வீட்டுக்குக் கைப்பேசி வந்தது.

"இனிமே எதுக்குங்க அட்டை? அதான் போன்லயே மூட்டைக் கணக்கெல்லாம் சொல்லிடுறீங்களே" என்றார் வள்ளியம்மை.

அதற்குள் வைரக்கண்ணுவின் கண் முத்திரைகளில் பழகிவிட்டது. ஓர் ஊரின் வட்டம் தடித்திருக்கும். இன்னோர் ஊரின் எழுத்துகள் தேய்ந்து பாதி மட்டும் விழும். வேறோர் ஊரில் மாதத்தைக் காட்டும் எண் எப்போதும் சற்றுச் சாய்ந்தே நிற்கும். அட்டைகள் தொடர்ந்தன. கூடவே ஒரு விதியும் உருவாயிற்று: தாம் அறுக்காத ஊரிலிருந்து அட்டை போடுவதில்லை; அறுத்த ஊருக்கு ஓர் அட்டை மட்டுமே.

அஞ்சல்தலை சேகரிப்போர் தஞ்சாவூரில் பலர் உண்டு. அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ராமசுப்பிரமணியன். 2018இல் ஒரு கண்காட்சியில் வைரக்கண்ணுவின் அட்டைகளைக் கண்டது முதல் அவர் நண்பரானார். சேகரிப்போரின் இன்றைய இக்கட்டை அவரைப்போல் சுருக்கமாகச் சொன்னவர் எவரும் இல்லை.

"புதுத் தலைய கவுண்டர்ல காசு குடுத்து வாங்கிடலாம் வைரக்கண்ணு. ஆனா கடுதாசி ஓடினாத்தானே அதுமேல முத்திரை விழும்? இப்ப எல்லாம் தனியார் கூரியர். அவன் ஒட்டுற கோடு போட்ட ஸ்டிக்கர எந்த ஆல்பத்துல வைக்கிறது, சொல்லுங்க!"

வெட்டாற்றின் கரையோர அஞ்சலகங்களை மட்டும் தனியே அடுக்கி, 2026 மார்ச் மாதக் கண்காட்சியில் வைக்க இருவரும் முடிவு செய்திருந்தனர். ஆறு பிரியும் தலைப்பிலிருந்து கடைமடை வரை எல்லா ஊர்களும் இருந்தன. கடைசி ஊரான நெடுவாய்க்கரை மட்டும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும், நடவும் பிந்தும். அங்கே கதிர் பழுக்கும்போது வைரக்கண்ணுவின் வண்டி வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

ஜனவரி நடுவில் செய்தி வந்தது. நெடுவாய்க்கரைக் கிளை அஞ்சலகத்தில் கடிதப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. பொட்டலங்களை உரக்கடையில் அமர்ந்திருக்கும் தனியார் கூரியர் முகவரே வாங்கி வழங்குகிறார். ஆகவே 31.1.2026 சனிக்கிழமையுடன் அந்த அஞ்சலகம் பக்கத்து ஊரோடு இணைக்கப்படுகிறது. அதன் முத்திரை திருப்பி அனுப்பப்படும். அதன்பின் அவ்வூரின் பெயர் எந்த உறையிலும் விழாது.

"பஸ் ஏறிப் போயி ஒரு அட்டைய போட்டுட்டு வாங்களேன். நீங்க அறுத்தீங்களா இல்லையான்னு முத்திரை வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றார் வள்ளியம்மை.

"முத்திரை சொல்லாது. மத்த அட்டையெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

அவர் நெடுவாய்க்கரைக்குப் போய்ப் பார்த்தார். வயல்கள் எல்லாம் பால் பிடிக்கும் பருவத்தில் பச்சையாக நின்றன. அறுப்பு ஏதேனும் உண்டா என்று கேட்டவரைத் தேநீர்க்கடையில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை.

"போஸ்டாபீசு மூடுதுன்னு பச்சைப் பயிர அறுக்கச் சொல்றீங்களா? நல்லாயிருக்கே! அப்ப ரேசன் கடை மூடுனா நாத்தாங்காலயே அறுத்துடுவீங்க போல!"

விளைந்த கதிர் ஊரில் ஒரே இடத்தில் இருந்தது. குந்தவை என்ற விவசாயி, விதைக்காகக் குளத்து நீரை இறைத்து ஏழு சென்ட்டுக்கும் குறைந்த இருபது குழி நிலத்தில் பூங்கார் நெல் போட்டிருந்தார். குறுகிய நாள் பயிர், கதிர் சாய்ந்திருந்தது. ஆனால் அதற்குப் போகும் வழி ஒற்றை வரப்பு. சங்கிலிப் பட்டையில் ஊரும் பெல்ட் வண்டி அங்கே திரும்பக்கூட இடமில்லை. சுற்றிலும் பிறர் பயிர் நின்றது.

"மிஷினெல்லாம் வராது தம்பி. ஆளு வெச்சுதான் அறுக்கணும். எங்க, ஆளு கெடைச்சாத்தானே?"

"நான் வரேங்கக்கா."

"நீங்களா? அருவா புடிச்சு எத்தனை வருசமாச்சு?"

வைரக்கண்ணு ஒரு கதிரை உருவி மணியைக் கடித்துப் பார்த்தார். சனிக்கிழமை காலை வருவதாக உறுதி கூறினார்.

வண்டி உரிமையாளர் ராஜராஜன் வயதில் இளையவர். கடன் வாங்கி வண்டி எடுத்தவர். தை மாதத்தில் ஓட்டுநர் விடுப்புக் கேட்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

"அண்ணே, சனிக்கிழமை குத்தாலத்துல வண்டி எறங்குது. நீங்க அருவா எடுத்துக்கிட்டு அறுப்புக்குப் போறீங்களா? வெளிய சொல்லாதீங்க, நம்ம வண்டிக்கு மானம் போயிடும்."

"ஒருநாளுக்கு நம்ம கிளீனர் பிரபு ஓட்டுவான் தம்பி. ஓட்டத் தெரிஞ்ச பையன். இருபத்திரண்டு வருசத்துல சீசன்ல நான் லீவு கேட்டிருக்கேனா?"

ராஜராஜன் கைப்பேசியில் பிரபுவின் எண்ணைத் தேடினார். "கேட்டதில்லதான்" என்றார், பிறகு, "அந்த அட்டைய எனக்கும் காட்டுங்க" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் வைரக்கண்ணு வயலில் இறங்கினார். அஞ்சலகம் ஒரு மணிக்கு மூடப்படும். இருக்கையில் அமர்ந்து ஒரு காலையில் ஏக்கர்க்கணக்கில் அறுத்துத் தள்ளுபவருக்கு, குனிந்து பிடிபிடியாக அறுப்பது பாதி வயலிலேயே இடுப்பை முறித்தது. குந்தவை பின்னால் வந்து கட்டுக் கட்டினார்.

"என்ன தம்பி, வண்டி நின்னுடுச்சு? டீசல் தீந்து போச்சா?"

"எஞ்சின் சூடாயிடுச்சுக்கா. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

அறுத்து முடிந்தபோது பதினொரு மணிக்கு மேலாகிவிட்டது. குந்தவை அவரைப் போகச் சொன்னார். கதிரடிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வைரக்கண்ணு மறுத்தார். வண்டி ஓடும்போது அறுப்பும் அடிப்பும் ஒன்றாகவே முடியும்; நெல் மணியாகி மூட்டையில் விழுந்த பின்னரே அவர் எந்த ஊரிலும் அட்டை எழுதியிருக்கிறார். மூட்டைக் கணக்கில்லாத அட்டை அவரிடம் ஒன்றுகூட இல்லை. களத்தில் ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டுகளை அடித்தார். தூற்றுவதற்குக் காற்று இல்லை. குந்தவை முறத்தால் புடைத்தார். சாக்கில் நெல் நின்ற உயரத்தைப் பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டு, உடம்பெல்லாம் அரிக்கும் நெற்சுணையோடு அஞ்சலகத்துக்கு ஓடினார்.

கிளை அஞ்சல் அதிகாரி பூர்ணிமா இருபத்தைந்து வயதுப் பெண். மேசையில் அஞ்சல் பை இன்னும் வாய் கட்டப்படாமல் கிடந்தது.

"வாங்கண்ணா. ஊரே சொல்லிடுச்சு, சீலுக்காக ஒருத்தர் வயல்ல கெடந்து அல்லாடுறார்னு. ஒரு மணி வரைக்கும் பைய கட்டக் கூடாது, அது ரூலு. அதுக்கப்புறம்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பூர்ணிமா அட்டையை வாங்கினார். "ரெண்டு அட்டையா போட்டுடுங்களேன். ஒண்ணு மங்கலா விழுந்துட்டா?"

"ஒரு ஊருக்கு ஒண்ணுதாம்மா."

பூர்ணிமா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மைத்திண்டில் புது மை விட்டார். பழைய தாளில் முத்திரையை மூன்று நான்கு முறை குத்திப் பார்த்தார். ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து விழவில்லை. ஊசியால் அந்த இடுக்கில் இருந்த காய்ந்த மையைச் சுரண்டினார். மறுபடியும் தாளில் குத்தினார். பின்பு அட்டையை மேசை விளிம்புக்கு இழுத்து, மூச்சை அடக்கி, நேராக இறக்கி, நேராக எடுத்தார். வட்டம் முழுதாக விழுந்திருந்தது. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தும் தெளிவாக இருந்தது.

"இந்த ஆபீசுல நான் குத்துனதுலயே இதாண்ணா நல்ல சீலு" என்று சொல்லிவிட்டு, மை காயும் வரை காத்திருந்து பையில் போட்டார். அன்று அந்தப் பையில் வேறு கடிதம் இல்லை.

இத்தனை அறுவடைக் காலங்களிலும் தாமே வகுத்துக்கொண்ட ஒரு விதியை, பார்ப்பவர் எவரும் இல்லாத இடத்திலும் தளர்த்தாதவர் வைரக்கண்ணு. சேகரிப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான பொருளை இவ்வட்டாரத்தில் காண்பது அரிது.

அட்டை 4.2.2026 அன்று வீட்டுக்கு வந்தது. வள்ளியம்மை அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, குத்தாலத்தில் வண்டியில் இருந்த கணவருக்கும் ராஜராஜனுக்கும் அனுப்பினார். பின்பு வெட்டாற்று அடுக்கின் கடைசி உறையில் அதைச் செருகினார்.

அட்டையில் எழுதியிருப்பது: நெடுவாய்க்கரை. அறுத்தது 20 குழி. கண்டது முக்கால் மூட்டை.