துணி என்ன நிறம்?

சிவகாமி அக்கா நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்றுதான் கேட்டேன். "காலையிலிருந்தே இருந்திருக்குதுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க" என்றாள். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கிராமங்களில் பிரசவத்தில் இறந்த பெண்களின் சாவுக்குக் காரணம் தேடி இரண்டு வருடம் அவரோடு அலைந்தவன் நான். அக்கா செவிலியர், கேள்வி கேட்பார். நான் கம்ப்யூட்டர் படித்தவன். பதிலைப் படிவத்தில் ஏற்றுவேன்.

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவர் எதையும் வேகமாகச் செய்யமாட்டார். எனக்கு அது எரிச்சல். மங்கலம் பக்கத்தில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், வீட்டிலேயே பிள்ளை பெற்று, ரத்தம் போய் இறந்திருந்தாள். மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "கொஞ்சந்தானுங்க போச்சு" என்றார். படிவத்தில் 'குடும்பத்தின் அலட்சியம்' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. அடுத்த பஸ்ஸும் திருப்பூருக்குத்தான் போகுது" என்றார் அக்கா. பிறகு அந்த அம்மாவிடம், "என்ன துணிங்கம்மா வெச்சீங்க?"

"கம்பெனி வேஸ்ட்டுதானுங்க. அவளே மூட்ட கட்டிக் கொண்டாந்து வெச்சிருந்தா. மெத்துன்னு இருக்குமுங்க."

"கலருங்க?"

"கறுப்புங்க."

சொன்னதும் தொட்டிலை ஆட்டிய கை நின்றுவிட்டது. கறுப்பு பனியன் துணி எவ்வளவு ரத்தம் குடித்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

"நாந்தான் பாக்காம உட்டுட்டனுங்களா நர்ஸம்மா?"

"பாத்தீங்கம்மா. துணி காட்டலீங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அந்த அலட்சியத்த மொதல்ல அழிங்க. அடுத்தவளக் காப்பாத்த வந்திருக்கோம். இந்தம்மாவக் கூண்டுல ஏத்த வரலீங்க."

அதன்பின் கர்ப்பிணிகளுக்கு வெள்ளைத் துணி கொண்டுபோனார். "மாசமா இருக்கறவளுக்கு வெள்ளையா? நல்லா இருக்குதுங்க உங்க சீரு!" என்று ஒருத்தி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். மறுநாள் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் மஞ்சள் தடவி எடுத்துப்போனார். "மஞ்சள் வைத்தால் ரத்தம் நிற்குமா?" என்று நக்கலடித்தேன். "நிக்காது தம்பி. வாங்கி வெப்பாங்கல்ல?" என்றார். வாங்கி வைத்தார்கள். சோமனூரில் ஒரு பெண் இன்று உயிரோடு இருக்கிறாள். துணி சிவந்ததைப் பார்த்ததுமே அவள் அத்தை வண்டி பிடித்துவிட்டார்.

நான் செய்தது தப்பு என்று அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. படிவத்தில் 'அலட்சியம்' என்று இருந்த கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்தேன்: துணி என்ன நிறம்? தேவையில்லாத கேள்வி என்று மேலே இருப்பவர்கள் இரண்டு முறை நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.