அண்ணனின் வாய் சொன்னதும் கை சொன்னதும்

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவராக இருந்து எங்களைக் காத்த அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர் பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை முழுவதுமாக எழுதிவைப்பது தங்கையாகிய என் கடமை என்று நினைக்கிறேன்.

அண்ணன் நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்து பம்பாய்க்கு ரயிலேறினார். தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் சேர்ந்து, சுண்ணாம்புத் தொட்டியில் கால் புண்ணாகி, படிப்படியாக மேஸ்திரி ஆனார். அம்மாவையும் என்னையும் வரவழைத்து, என்னைப் பதினொன்றாம் வகுப்புவரை படிக்கவைத்தார். அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்த பிறகும் என் படிப்பு நிற்கவில்லை.

பாகிஸ்தான் போருக்கு மறு ஆண்டு, மழைக்காலத்தில் ஒருநாள், பட்டறையிலேயே சாய்ந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறி மூச்சு முட்டியது. டம்ளரை எடுக்கவே மதினி பயந்தார்.

ஆறாம் நாள் போலீஸ் அதிகாரி ஒருவர் சுலைமான் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார். அண்ணனிடம் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். பட்டறையில் ஒரு கட்டுத் தோலைக் காணவில்லை. அவர் சுமந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கெட்டுப்போன தோல், மேஸ்திரிதான் ஓடையில் போடச் சொன்னார் என்றார் அவர். அண்ணன் சாய்ந்த அன்று காலை நடந்தது அது. வேறு சாட்சி இல்லை.

அதிகாரி இந்தியில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். "அண்ணே, சுலைமான் அண்ணாச்சி தோலத் திருடிட்டா போனாவ?"

"ஆமா," என்றார் அண்ணன், தெளிவாக.

விழுந்தபின் அவர் பேசிய முதல் சொல் அது. எனக்கு வந்த மகிழ்ச்சியில் அதன் பொருளே உறைக்கவில்லை. "மதினி, பேசிட்டாவ!" என்று கத்திவிட்டு, அதிகாரியிடம் இந்தியில் "ஹாங்", ஆம் என்றேன்.

"அண்ணாச்சி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க," என்றார் சுலைமான்.

"ஆமா, ஆமா." இடக்கையால் கட்டிலை அடித்தார் அண்ணன். கோபம் என்று நினைத்தோம். சுலைமானைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, பேச்சுப் பயிற்சி தரும் மராத்திப் பெண்மணி ஒருவர் வந்தார். அப்படி ஒரு வைத்தியம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணனின் முகவாயை நெஞ்சோடு தாழ்த்தச் செய்து, கெட்டிக் கஞ்சியைக் கால் கரண்டியாக விழுங்கவைத்தார். புரையேறவில்லை. பிறகு அந்தக் கரண்டியைக் காட்டி, இது சீப்பா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஆமா."

"கரண்டியா?"

"ஆமா." அண்ணன் கண்ணில் நீர் வழிந்தது.

"இவருக்கு எல்லாம் புரிகிறது," என்று அவர் இந்தியில் சொன்னார். "நினைக்கிற சொல் வாய்க்கு வரவில்லை. எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்தான் வருகிறது. வாய் சொல்வதை நம்பாதீர்கள்."

சுலைமான் அண்ணாச்சியை அடைத்தது அந்த ஒரு சொல்லை நம்பித்தான். நடந்ததைச் சொன்னேன்.

அன்றே பயிற்சி தொடங்கியது. ஆம் என்றால் இடக்கையை மூட வேண்டும். இல்லை என்றால் விரிக்க வேண்டும். கேட்க எளிது. முதல் சில நாட்கள் கையும் தப்புத்தப்பாகவே சொன்னது. சுலைமானின் மனைவி தினமும் வார்டு வாசலில் வந்து நிற்பார். "இன்னிக்காவது சரியாச் சொன்னாவளா?" இன்னும் இல்லை என்பேன். எட்டாம் நாள்தான் கை ஒரு தடவையும் தவறவில்லை.

மறுபடி வர அந்த அதிகாரிக்கு மனமில்லை. அந்தப் பெண்மணி விடாமல் வரவழைத்தார். "நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறார்," என்றார் அதிகாரி.

"கேள்வி உங்களுடையது. இந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்று தமிழில் சொல்லட்டும்."

சுவரைப் பார்த்து நின்றேன். அதிகாரி தன் தொப்பியைக் காட்டினாராம்; அவர் சொன்னபடி, செருப்பா என்று கேட்டேன். "ஆமா" என்று அண்ணன் குரல் கேட்டது. கை என்ன சொன்னதோ தெரியவில்லை. ஏழெட்டுக் கேள்வி. வாய் எல்லாவற்றுக்கும் அதே "ஆமா"; கை ஒன்றிலும் தவறவில்லை என்று மதினி பின்னால் சொன்னார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"சுலைமான் அண்ணாச்சி திருடுனாவளா?"

"ஆமா." பிறகு மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம். "நா... நான்."

திரும்பிவிட்டேன். அண்ணனின் இடக்கை அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

"அப்படியானால் நீ திருடினாயா?" என்றார் அதிகாரி. அதைத் தமிழில் அண்ணனிடம் கேட்க நான் மறுத்துவிட்டேன். மதினிதான் கேட்டார். கை விரிந்தது. அதிகாரியின் அடுத்த கேள்வியையும் மதினியே கேட்டார்.

"நீங்க சொல்லித்தான் அவிய கொண்டுபோனாவளா?"

கை மூடியது. அதிகாரி எழுதி முடிக்கும்வரை அண்ணன் அந்தக் கையைத் திறக்கவே இல்லை.

மறுநாள் சுலைமான் அண்ணாச்சி வெளியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ காதுல கேட்டதத்தான தங்கச்சி சொன்ன," என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதேயில்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அண்ணன் இருந்தார். சில சொற்கள் திரும்பின. மதினியின் பெயரும் என் பெயரும் அவற்றில் உண்டு. இரண்டாம் முறை சாய்ந்தபோது எழவில்லை.

தமிழ் ஒரு சொல்லும் அறியாமல் அண்ணனைப் புரிந்துகொண்ட அந்தப் பெண்மணிக்கும், வாசலில் நின்றபோதும் எங்களை ஒரு சொல் ஏசாத சுலைமானின் மனைவிக்கும், அண்ணனைச் சுமந்த நால்வரில் முதல் ஆளாகத் தோள் கொடுத்த சுலைமான் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தார் அனைவரின் நன்றி.