திம்மராயனின் பித்தளை உழக்கு

ஓசூரில், கிருஷ்ணகிரிச் சாலை வளையும் இடத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்த திம்மராயனிடம் ஒரு பித்தளை உழக்கு இருந்தது. தொழில் தொடங்கிய நாளில் அதை மலைக்கு எடுத்துச் சென்று, சந்திரசூடேசர் சந்நிதியில் வைத்துத் திருநீறு பூசி வாங்கி வந்தான். எந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றினாலும் முதல் அளவை அந்த உழக்கால்தான் வார்ப்பான். வார்க்கும்போது இறைவன் திருப்பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்வான். மிச்சத்தை டப்பாவைக் கவிழ்த்து ஊற்றிக்கொள்ளலாம். முதல் உழக்கு மட்டும் அவனுக்கு அபிடேகம். சேலத்திலிருந்து பெங்களூர் போகும் லாரிக்காரர்கள் இந்த வழக்கத்தை அறிந்திருந்தார்கள். உழக்கு பட்ட வண்டி வழியில் நிற்காது என்று நம்பி, பழுது இல்லாதபோதும் சிலர் வந்து நின்றார்கள்.

பத்து ஆண்டுகள் அவ்வாறு சென்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு தஸ்தகீர் வந்தான்.

தஸ்தகீர் போர்க்காலத்தில் பெங்களூர்ப் பட்டாளத்துப் பணிமனையில் வேலை கற்றவன். திம்மராயனைவிட ஏழெட்டு வயது இளையவன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பான். சாலைக்கு எதிர்ப்புறத்தில், மாதப்பன் சாவுகாருக்கு உரிய மனையில், தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்று போட்டான். கையைத் துடைக்காமல் வண்டியின் ஸ்டீயரிங் சக்கரத்தைத் தொடமாட்டான்; எவரிடமும் குரல் உயர்த்தமாட்டான். இவ்விரண்டு குணங்களையும் திம்மராயன் குற்றங்களாகவே கருதினான். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதற்கு முன், எதிர்க் கொட்டகை வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணுவது அவனுக்கு வழக்கமாயிற்று. அங்கே ஒன்று மிகுந்திருந்தால் அன்று முழுவதும் அவன் உண்ட சோறு கசந்தது.

மாதப்பன் சாவுகார் சூளகிரிப் பக்கத்து நிலக்கிழார். அவருடைய இரண்டு லாரிகளும் ஒரு டிராக்டரும் திம்மராயன் கையில்தான் இருந்தன. மத்திகிரியில் வாழ்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் தாயகம் திரும்பியபோது, அவருடைய பந்தயக் காரைச் சாவுகார் வாங்கினார். போருக்கு முன் செய்யப்பட்ட வண்டி, பாசிப்பச்சை நிறம், இருவர் மட்டும் அமரலாம், தரையை உரசுவதுபோல் தாழ்ந்திருக்கும். ஓசூர்ச் சந்தை நாளில் அது வந்து நின்றால் மாட்டுத் தரகர்கள்கூட விலை பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த வண்டியோடு ஆங்கிலக் கைப்புத்தகம் ஒன்றும் வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் தஸ்தகீர் என்பதால், சாவுகார் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். பின்னாலேயே லாரிகளும் டிராக்டரும் சென்றன.

அவ்வாண்டு ஆயுத பூசையன்று பச்சை வண்டி எதிர்க் கொட்டகை வாசலில் நின்றது. தஸ்தகீர் தொழுகை முடித்து வந்து அதற்குச் செவ்வந்தி மாலை சூட்டினான். சாவுகார் தம் கையால் பூசணி உடைத்தார். ஊர் முழுவதும் அங்கே கூடியது. திம்மராயன் மனைவி பூவம்மாளும் போய்ப் பார்த்துவிட்டு, முந்தானையில் பொரியும் கடலையும் வாங்கி வந்தாள்.

"தின்னுங்களேன், நல்லா மொறுமொறுன்னு இருக்குது."

"அவன் வூட்டுப் பொரி எனக்கு வாணாம்."

"பொரி சந்தையில வாங்குனதுதாங்க. பாய் வறுத்தாரா என்ன?"

அழுக்காறு ஒருவனைச் சுடும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வெம்மை தெரிவதில்லை. பூவம்மாள் பொரியைத் தானே தின்று முடித்தாள்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில், தங்கையின் திருமணத்துக்காகத் தஸ்தகீர் பத்து நாள் கிருஷ்ணகிரிக்குப் போனான். அந்த இடைவெளியில் பச்சை வண்டியின் கியர் பெட்டி சொட்டத் தொடங்கியது. சாவுகார் வேறு வழியின்றித் திம்மராயனிடம் வந்தார்.

"பாய் ஊர்ல இல்ல. நீயே பாரு திம்மராயா."

"பாய் இல்லாததாலதான் என் நெனப்பு வந்துதுங்களா சாவுகாரே?"

"குத்திப் பேசாத. வேலயப் பாரு."

வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியின் அடித் திருகுமறையைக் கழற்றினான். எண்ணெய் மெலிந்த தாரையாக, தேன் நிறத்தில் வழிந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தான், முகர்ந்தான். இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய். லாரிகளின் கியர் பெட்டிக்குப் பாகுபோல் நிற்கும் தடித்த எண்ணெய் ஊற்றியே பழகியவனுக்கு அது பெருங்குற்றமாகத் தோன்றியது. இரண்டு ஆண்டுகளாக அவன் வேண்டிய வரம் கைக்குள் வந்து விழுந்ததுபோல் நெஞ்சு குதித்தது.

"சாவுகாரே, இப்பிடி வந்து பாருங்க! இஞ்சின் ஆயிலக் கொண்டாந்து கியர் பெட்டியில ஊத்தி வெச்சிருக்கிறான். தண்ணி மாதிரி ஓடுது பாருங்க."

சாவுகார் குனிந்து பார்த்தார். "ஏன் இப்பிடிப் பண்ணான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; தெரியாது என்பதே உண்மை. ஆனால் திம்மராயன் வேறொன்று சொன்னான். "இங்கிலீசு படிச்சவங்க. நம்மளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு மலிவா முடிச்சிருப்பாரு."

பெங்களூரிலிருந்து லாரிக்காரர்கள் கொண்டுவரும் புதுவகை எண்ணெய் ஒன்று அக்காலத்தில் சீல் வைத்த டின்னில் கிடைத்தது. புது லாரிகளின் பின்னச்சுப் பற்சக்கரங்களுக்கென்று வந்தது, தடித்தது, திறந்தால் தீக்குச்சி மருந்துபோல் கந்தகம் மணக்கும். அப்படியொரு டின் தஸ்தகீர் கொட்டகையிலும் இருப்பதைத் திம்மராயன் கண்டிருந்தான். பச்சை வண்டியின் பின்னச்சுக்கு அதை ஊற்றியவன், பெட்டிக்கு மட்டும் வஞ்சனை செய்தான் என்று முடிவு கட்டினான். கசிந்த இடத்தை அடைத்து, லாரிக்காரன் ஒருவனிடம் தானும் ஒரு டின் வாங்கிச் சீலை உடைத்தான். முதல் உழக்கை வார்த்தான். இறைவன் பெயரையும் சொன்னான். பெட்டி நிறைந்தது. குறைந்தால் ஊற்றுவதற்காக மேலும் ஓர் உழக்கை மொண்டு, கொட்டாங்குச்சியால் மூடிச் சாளரத்தில் வெயில்படும் இடத்தில் வைத்தான். வேறு வண்டிக்கு உழக்கு வேண்டும்போது அதை டப்பாவில் கவிழ்த்து, வேலை முடிந்ததும் மீண்டும் நிரப்பி வைத்தான்.

வண்டி ஓசையே இல்லாமல் ஓடியது. சாவுகாரின் லாரிகளும் டிராக்டரும் சாலையைக் கடந்து திரும்பி வந்தன. தஸ்தகீர் மலிவு எண்ணெய் ஊற்றி ஏமாற்றினான் என்ற பேச்சு ராயக்கோட்டை வரைக்கும் போயிற்று.

ஊர் திரும்பிய தஸ்தகீர், செய்தி கேட்டு நேரே திம்மராயன் கொட்டகைக்கு வந்தான். நான்கைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, அந்தப் பச்ச வண்டிப் பெட்டிக்கு என்னா ஊத்துனீங்க? டின்னுல வர்றதா, நாறுமே அதுவா?"

"ஏன் பாய், உனக்கு மட்டுந்தான் டின்னு தெறக்கத் தெரியுமா?"

"அது பின்னச்சுக்குண்ணா. பெட்டிக்கு ஆவாது. இஞ்சின் ஆயில்தான் ஊத்தணும்னு புத்தகத்துல போட்டிருக்குது."

"அப்ப புத்தகத்தையே ஊத்தியிருக்கலாமே, எண்ணெய் எதுக்கு?"

டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறியது. தஸ்தகீர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனான். சாவுகாரிடமும் போய்ச் சொன்னான். "கண்ணால பாத்தேன் பாய்" என்று அவர் முடித்துவிட்டார்.

அந்த ஆயுத பூசையன்று பச்சை வண்டி திம்மராயன் வாசலில் நின்றது. முதல்நாள் பாத்திரங்களைத் தேய்த்த பூவம்மாள் உழக்கைக் கொண்டுவந்து காட்டினாள். உட்புறம் முழுவதும் கறுத்திருந்தது.

"என்னத்த வெச்சீங்க இதுல? புளி போட்டுத் தேச்சும் போவல."

"பொகையா இருக்கும். அப்பிடியே பொட்டு வெச்சுக் கொண்டா."

சந்தனமும் குங்குமமும் இட்ட உழக்கு கருவிகளுக்கு நடுவில் அமர்ந்தது. பூசணி உடைந்தது. கூட்டம் இந்தப் பக்கம் நின்றது. எதிரே, பழைய பஸ் ஒன்றுக்குத் தனியாக மாலை கட்டிக்கொண்டிருந்தான் தஸ்தகீர். திம்மராயன் எண்ணினான்: இங்கே ஒன்பது, அங்கே ஒன்று. ஆயினும் அந்த ஒன்றுக்கும் மாலையை எவ்வளவு நேராகக் கட்டுகிறான் என்று பார்த்தபோது, நெஞ்சில் பழைய முள் மீண்டும் அசைந்தது.

தை பிறந்த பிறகு, கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் வழியில், மேலுமலை ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டபோது வண்டி கதறியது. சாவுகார் எப்படியோ ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

திம்மராயன் மறையைக் கழற்றினான். கறுத்த எண்ணெய் இறங்கியது. கைக்குக் கிடைத்த உழக்கில் கொஞ்சம் பிடித்து வெயிலுக்குக் கொண்டுவந்தான். எண்ணெய்க்குள் பொன் துகள்போல் ஏதோ மின்னியது. மணல் அன்று, இரும்பும் அன்று. கியர் மாறும்போது பற்சக்கரங்களைக் கவ்விப் பிடிக்கும், பித்தளை போன்ற மஞ்சள் உலோக வளையங்கள் அந்தப் பெட்டிக்குள் உண்டு. லாரிப் பெட்டிகளில் அவை இல்லை. மின்னியது அவற்றின் பொடி. எண்ணெயை மெல்லச் சாய்த்தான். உழக்கின் உட்புறக் கருமை தெரிந்தது. புகை அன்று. எஃகைக் காக்கும் கந்தகம் பித்தளையைத் தின்னும். வெயிலில் வெறுமனே இருந்த உழக்கை இப்படிக் கறுக்க வைத்த எண்ணெய், பெட்டியின் கொதிப்பில் வளையங்களை என்ன செய்திருக்கும் என்பது அவனுக்கு ஒரு கணத்தில் விளங்கியது. இறைவன் பெயரைச் சொல்லித்தான் வார்த்திருந்தான்.

சாவுகார் பின்னால் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"உள்ள தேஞ்சிருக்குதுங்க."

"நான் நெனச்சேன். முன்ன அந்தப் பாய் ஊத்துன தண்ணி எண்ணெயாலதானே? அப்பவே தேஞ்சிருக்கும், இப்பத் தெரியுது." அவர் குரல் ஏறியது. "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. எம் மனையில இனிமே அவனுக்கு என்ன வேல? கொட்டாயப் பிரிச்சுட்டுக் கெளம்பச் சொல்லிடறேன்."

திம்மராயன் சாலைக்கு அப்பால் பார்த்தான். பஸ்ஸுக்கு அடியிலிருந்து தஸ்தகீரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எத்தனை விடியல்களில் அந்த வாசல் வண்டிகளை எண்ணியிருப்பான்! இனி எண்ணவே வேண்டாம். எதிரே வெற்று மனை இருக்கும். அதற்கு ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதுவும் நாவின் நுனியில் நின்றது. கையில் உழக்கு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வைக்க இடம் தேடினான். இடம் இருந்தது, கைதான் வைக்கவில்லை.

"இல்லீங்க சாவுகாரே. பாய் ஊத்துனது சரி. நான் ஊத்துனதுதான் தப்பு. அந்த எண்ணெ வளையத்தத் தின்னுபுடுச்சு."

"என்னடா சொல்ற?"

"அவரு வந்து சொன்னாருங்க. நாந்தான் எகத்தாளம் பண்ணி அனுப்பிட்டேன்."

சாவுகார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றவனை அவர் திட்டவும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளவைத்துச் சாலையைக் கடந்தார்.

பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். மறுநாள் தஸ்தகீர் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டான். திம்மராயன் போனான். ஏன் போனேன் என்று பிற்காலத்தில் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

"வாங்கண்ணா. இன்னிக்குப் புத்தகத்தையே ஊத்திடலாமா?"

"சொல்லு பாய், சொல்லு. உன் காலம்."

பெட்டியைத் திறந்தபோது இரண்டு வளையங்கள் பல்லிழந்த வாய்போல் இருந்தன. பெங்களூரில் கடைசல் பிடித்துப் புதியவை வர எட்டு நாள் ஆயிற்று. பூட்டி முடித்து, இஞ்சின் எண்ணெயைக் கையில் எடுத்த தஸ்தகீர் ஊற்றாமல் நின்றான்.

"உழக்கு எங்கண்ணா?"

"எதுக்கு?"

"நீங்களே மொத ஊத்து ஊத்துங்க. ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எங்கிட்ட வர்ற டிரைவருங்க எல்லாம், 'வேலையெல்லாம் சரிதான் பாய், திம்மராயன்கிட்ட உழக்கு இருக்குது, உங்கிட்ட இல்லியே'ங்கிறானுங்க. ரெண்டு வருசமா அதக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியுது. சந்தையில போயி ஒரு உழக்குகூட வாங்கிப் பாத்தேன். எவனும் மதிக்கல."

திம்மராயன் அவனை வியந்து பார்த்தான். தான் எரிந்த இரண்டு ஆண்டும், சாலைக்கு அந்தப் பக்கத்திலும் ஒருவன் எரிந்திருக்கிறான்! பிள்ளை பிறந்த செய்திக்குக்கூட அவன் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரிதும் முயன்று, கறுத்த உழக்கை எடுத்து வந்தான். மெலிந்த எண்ணெயை அதில் நிரப்பி, பெயர் சொல்லி வார்த்தான்.

அதன்பின் எந்தப் புது எண்ணெய் வந்தாலும், அதில் ஒரு பித்தளைத் துண்டைப் போட்டுப் பத்து நாள் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே திம்மராயன் பயன்படுத்தினான். உழக்கின் கருமையை அவன் தேய்க்க விடவில்லை.

அடுத்த ஆயுத பூசையன்று பச்சை வண்டி எதிர்க் கொட்டகை வாசலில் நின்றது. பூவம்மாள் போய்ப் பார்த்துவிட்டுப் பொரி வாங்கி வந்தாள். திம்மராயன் வாசலில் நின்று எண்ணினான்: அங்கே ஏழு, இங்கே ஐந்து. அவள் முந்தானையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்றுகொண்டே, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.