தாலுகா ஆபீஸ் எதிரே மனு அடிக்கிறேன்

மனு டைப் அடிக்கிறவளுக்குக் கண்ணும் விரலும் இருந்தால் போதும், வாய் வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை வேலையில் சேர்த்தார்கள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள் நான். சங்கரன்கோவில் தாலுகா ஆபீசுக்கு எதிரே, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முன்னறையில் ஒன்றரை வருஷமாக ஊரார் குறைகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எப்போதாவது ஒரு மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

நாலு வரி, பதினோரு நகல்

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். ஓட்டுக் கேட்டு வந்தவர் கண்மாய் மடையைச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னாராம். ஜெயித்த பிறகு ஆளைக் காணோம். மனு நாலே வரி. அதற்குக் கீழே ‘நகல்’ என்று போடச் சொல்லி, தாசில்தார், கலெக்டர், மந்திரி, முதல் மந்திரி என்று அடுக்கிக்கொண்டே போனார். ஜனாதிபதி வந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். “அண்ணாச்சி, டெல்லியில இருக்கவருக்கு உங்க மடை எதுக்கு?”

அவர் கோபப்படவில்லை. “ஒருத்தருக்கு மட்டும் அனுப்புனா கீழ போட்டுருவாரு தாயி. பதினோரு பேருன்னா, மத்தவன் படிச்சிருப்பானோங்கிற பயத்துல அம்புட்டுப் பேரும் பத்திரமா வச்சிருப்பான்.”

சோறு மட்டும் உள்ளே போனது

வேலம்மாள் அக்கா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவர். அவர் கணவர் தறி ஓட்டுகிறவர். காணாமல்போன ஒரு சைக்கிளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிப்போய் மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்டேஷனில் கேட்டால், அப்படி யாரையும் கொண்டுவரவே இல்லை என்கிறார்கள். ஆனால் அக்கா கொண்டுபோகும் தூக்குவாளியை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். சாயங்காலம் காலியாகத் திரும்பி வருகிறது.

ஆள் இல்லாத இடத்தில் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அக்காவிடமே கேட்டுவிட்டேன். மாவட்டப் போலீஸ் அதிகாரிக்கு மனு, ஆனால் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். மொட்டை மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அக்கா சொன்னார்: “வாளி மூடியில கருவேப்பிலைய ஒதுக்கி வச்சிருக்கு. எங்க வீட்டுக்காரவுகதான் அப்படி ஒதுக்குவாக. அதையும் எழுது, என் பேரையும் போடு.”

வெயிலில் பிடித்த கார்பன்

நகல் தெளிவாக விழட்டும் என்று புதுக் கார்பன் தாள் வைத்தேன். அதில்தான் தப்புப் பண்ணினேன். பலமுறை அடித்த கார்பனில் எழுத்து மேல் எழுத்து விழுந்து ஒன்றும் புரியாது. ஒரே முறை அடித்த கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் மனு முழுக்க வாசிக்கலாம். அக்கா ரிஜிஸ்தர் தபாலில் போடப் போய்விட்டார். கார்பனை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஸ்டேஷன் ஏட்டையா தண்ணீர் குடிக்க வந்தார். செம்பை வைத்த கையோடு கார்பனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தார். “அது அவுக சொந்த விஷயம், கொடுங்க ஏட்டையா” என்றேன். இன்ஸ்டிடியூட் மாஸ்டர் என்னை முறைத்தார். ஏட்டையா நிதானமாக முழுசும் வாசித்தார். அதில் இருப்பது நிஜமா பொய்யா என்று ஒரு வார்த்தை இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாஸ்டரிடம் சொன்னார்: “பிள்ள நல்லா அடிக்கி. ஒரு பிழை இல்ல.”

இரண்டாவது மனு

மறுநாள் காலையில் அக்கா வந்தார். ஏட்டையா வீட்டுக்கே வந்து மனுவை வரிவரியாக ஒப்பித்தாராம். கார்பனை வெளியே விட்டது நான்தான் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “மனுவ வாபஸ் வாங்கு, வெள்ளிக்கிழம விட்டுருதோம்ங்கான். இல்லாத ஆள எப்படிட்டி விடுவான்?”

அதையே அடிக்கச் சொன்னார். ஸ்டேஷனில் இல்லை என்று சொல்லப்பட்டவரை, மனுவை வாபஸ் வாங்கினால் விடுவதாக ஏட்டு என் வீட்டுக்கு வந்து சொன்னார் என்று அடித்தேன். மனுவை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினார். நான் கார்பனைக் கிழிக்கப் போனேன். வாசலில் திரும்பி நின்றார். “கிழிக்காத. நேத்து வச்ச இடத்துலயே வை. தண்ணி குடிக்க வருவான்லா.”

நன்றி நோட்டீஸ்

ஏட்டையா வந்தார், வாசித்தார். தண்ணீர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அக்காவின் கணவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வீடு வந்து சேர்ந்தார். வழக்கு இல்லை, காகிதம் இல்லை. எழுத்துப்படி பார்த்தால் அவர் அங்கே இருந்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கட்சிக்காரர் வந்தார். அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோதெல்லாம் வெளியூர் போயிருந்தவர். தன்னுடைய சீரிய முயற்சியால் தறித் தொழிலாளி காவல் நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, நோட்டீஸ் உருட்டி எடுக்க ஸ்டென்சில் தாளில் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தத் தாளோடு நேரே தறிக் கூடத்துக்குப் போனேன். அதுவும் அடுத்தவர் காகிதத்தைக் காட்டுவதுதான், ஒப்புக்கொள்கிறேன். இதை அடிக்க மாட்டேன் என்று சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “நல்லா அடிட்டி. அவுக உள்ள இருந்தாகன்னு கையெழுத்துப் போட்டுச் சொல்ல இந்த ஒரு மனுஷன்தான் இருக்கான். எனக்கு ரெண்டு எடுத்து வை.”

மேலதிகாரியிடமிருந்து இரண்டு மனுவுக்கும் இன்றுவரை பதில் இல்லை என்பதால், எங்கள் ஊரில் ஒரு மனுவை அது யாருக்கு எழுதப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் வாசித்துவிடுகிறார்கள் என்று முடித்துக்கொள்கிறேன்.