இறங்குவதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில் ஒரு சலூன் கதிரையில், முகம் முழுக்க நுரையோடு, எங்கள் சட்டத்தரணியைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். "வழக்கு அசையுதில்லை. மிஸ் தவணைக்கு மேலை தவணை எடுக்கிறா. நானெண்டால் எப்பவோ முடிச்சிருப்பன்" என்று நீதியரசர் மாதிரி விளக்கிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பேன்.

"அண்ணை, மிஸ் விடிய காலமாயிட்டா. நெஞ்சு வலியாம்" என்றார் அவருடைய அலுவலக லிகிதர் அன்ரன். சலூன் முழுவதற்கும் கேட்டது. முடிதிருத்துபவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, "ஐயா, இப்ப ஏசினது இவவைத்தானோ?" என்று கேட்டார். பாதிச் சவரத்தோடு வெளியே வந்து காலி வீதியில் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் கழுத்தில் சலூன் துணி தொங்குவதைக் கண்டேன்.

சட்டத்தரணி திலகவதி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விபத்தில் காயப்பட்டவர்களுக்காக நட்டஈட்டு வழக்குப் பேசியவர். எங்களுக்கெல்லாம் 'மிஸ்'. இந்த நினைவு மலருக்குப் பெரிய ஆட்கள் பலர் எழுதுவார்கள். கட்சிக்காரர் ஒருவரும் எழுதட்டும் என்று அவருடைய தம்பியார் கேட்டதால், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய, உண்மையில் கணிதபாடத்தால் நிறுத்தப்பட்ட நான் எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதும் எழும்பி நடப்பதுமாக இருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஆரணி பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை செய்தாள். ஒரு மாலை கொட்டாஞ்சேனையில் எங்கள் தரிப்பிடத்தில் இறங்கும்போது, ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் மிதிபலகையிலும் இருக்க, பஸ் புறப்பட்டுவிட்டது. பின்சில்லு வலது பாதத்தின்மேல் ஏறியது. சாரதி தண்டப்பணம் கட்டிவிட்டுப் போனார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் வேலை செய்யும் கடையின் முதலாளி வற்புறுத்தியதால் மகளைக் கூட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன்.

போனதும் நான் கதைக்கத் தொடங்கினேன். "என்ன செய்யிறது மிஸ், எங்கட கெட்ட காலம்…"

"கெட்ட காலமோ பஸ் ஓட்டினது?" என்றார் மிஸ். "அதுக்கு லைசன்ஸ் ஆர் குடுத்தது?"

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆரணி சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தது. மிஸ் கதிரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஐயா, நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கோ. பாதம் உங்கடையில்லை. பிள்ளை, நீர் சொல்லும்."

பிறகு எனக்கும் விளங்கும்படி சொன்னார்: "தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போயிட்டுது. இந்தப் பிள்ளை இழந்ததை ஆர் கேக்கிறது? அதைக் கேக்கத்தான் சிவில் வழக்கு. இது பிச்சையில்லை, பழிவாங்கலும் இல்லை. உடைச்சவன் திருத்திக் குடுக்கோணும். அவ்வளவுதான்."

சம்பவம் நடந்த இடத்துக்குக் கட்சிக்காரரோடு போகாமல் மிஸ் வழக்குத் தாக்கல் செய்வதில்லை. அதே பாதை பஸ்ஸில் எங்களையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். இறங்கும் இடம் வந்தும் ஆரணி கம்பியை விடவில்லை. மிஸ் முன்னால் போய், சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். நடத்துனர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டி, "இக்மன் கரண்ட நோனா!" என்று அவசரப்படுத்தினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவரைத் தெரியாதவன்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மிஸ் கடைசிப் படியில் நின்றுகொண்டு சிங்களத்தில் சொன்னார்: "தம்பி, நான் எடுத்த டிக்கெட் ஏறுறதுக்கு மட்டுமில்லை, இறங்குறதுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் நில்லுங்கோ, நான் இறங்கிறன்." நடத்துனர் தட்டுவதை நிறுத்தினார். "அம்மா சொல்றது சரிதானே" என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். ஆரணி அவருக்குப் பின்னால் தன்பாட்டில் இறங்கினாள்.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனது. போய்க்கொண்டே இருந்தது. நடுவில் பஸ் உரிமையாளர் இணக்கத்துக்கு வந்தார். நல்ல தொகை. ஆனால் அவர் தந்த கடதாசியில், ஆரணி அவசரப்பட்டுக் குதித்ததால்தான் காயம் என்று ஒரு வரி இருந்தது. "ஒரு வரிதானே மிஸ், ஆர் வாசிக்கப் போயினம்?" என்றேன்.

"காசு வாங்கி முடிக்கிறதிலை ஒரு கேவலமும் இல்லை ஐயா. இணங்கிறதும் உரிமை, மாட்டனெண்டிறதும் உரிமை. ஆனால் குதிச்சவவோ இல்லையோ எண்டு அவதான் சொல்லோணும். நானும் சொல்லேலாது, நீங்களும் சொல்லேலாது."

ஆரணி, "நான் குதிக்கேல்லை" என்றாள். கடதாசி திரும்பிப் போனது. ஒரு கிழமை நான் மிஸ்ஸோடு கோபமாக இருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்கு என்ன பயம் என்றால், இந்த வழக்கு முடிவதற்குள் என் பிள்ளையின் இளவயதே முடிந்துவிடும் என்பதுதான். ஒவ்வொரு தவணைக்கு முதல் நாளும் அவள் சாப்பிடமாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தகப்பனுக்கு லேசில்லை.

மிஸ்ஸின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் சனம் நிறைந்திருந்தது. கையில்லாதவர், ஊன்றுகோலோடு வந்தவர், சக்கர நாற்காலியில் ஒரு அம்மா. எல்லோரும் மிஸ்ஸின் கட்சிக்காரர்கள். வெள்ளைச் சட்டையில் பஸ் உரிமையாளரும் வந்திருந்தார். கும்பிட்டுவிட்டு என்னருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்ல மனுசி. எதிரியெண்டாலும் மரியாதையாக் கதைப்பா. ஐயா, இனி உங்களுக்கு ஆர்? பழைய தொகை அப்பிடியே இருக்கு. மகளிட்டைச் சொல்லிப் பாருங்கோ."

மனதில் வஞ்சகம் வைத்துச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் களைத்துப் போயிருக்கலாம்.

ஆரணி பெட்டியருகே நின்று மிஸ்ஸின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அன்ரனிடம் திரும்பி, "அண்ணை, அடுத்த தவணைக்கு ஆர் வருவினம்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லைத் தங்கச்சி. வழக்கைப் பாரமெடுக்க ஆளைத் தேடோணும்."

"தேடுங்கோ. நான் வருவன்."

மிஸ், நீங்கள் தவணை கேட்காமல் எழும்பிப் போனது இந்த ஒரு முறைதான். எங்களை நடு வழக்கில் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று உங்களோடு இன்னும் கோபம்தான். ஆறுதலாக இருங்கள்.

முச்சக்கரவண்டியில் திரும்பும்போது ஆரணி புதிய சட்டத்தரணியிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மருதானை நெரிசலில் வண்டி நின்றபோது அவள் என் பக்கம் திரும்பி, "என்னப்பா, ஒண்டும் கதைக்காமல் வாறீங்கள்?" என்றாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன்.

போதும் பிள்ளை, விட்டிடுவம் என்று, காலையிலிருந்து பாடமாக்கி வைத்திருந்ததை நான் சொல்லவில்லை.