பத்து நிமிட அருவி

எழுதச் சோம்பல்பட்டுத்தான் நான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். கள்ளக்குறிச்சியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். ஒன்று, நூறு பக்க ஆய்வுக் கட்டுரை. இன்னொன்று, போர்ட்ஃபோலியோ. அதாவது ஒரே பொருளை வைத்து நாமே செய்த ஐந்து படைப்புகள்: புகைப்படத் தொடர், குட்டி ஆவணப்படம், ஒரு நிமிட விளம்பரம், பத்திரிகைப் பக்கம், பத்து நிமிட ஒலிச்சித்திரம். நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி இரண்டாவதைக் கேட்டு வாங்கினேன்.

ஒவ்வொரு படைப்பையும் எப்படிச் செய்தோம், எங்கே தடுமாறினோம், ஏன் அந்த முடிவெடுத்தோம் என்று தலா பதினைந்து பக்கம் எழுத வேண்டும் என்பதை, படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வழிகாட்டி மேடம் சொன்னார். ஐந்து பதினைந்து எழுபத்தைந்து. என் தோழி, "நூறுக்கு இது கம்மிதானடி" என்று ஆறுதல் சொன்னாள்.

என் பொருள் அருவி. கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கத்தில் இருக்கும் அருவி. இதை மேடம் ஒப்புக்கொண்டது கார்த்திகை மாதம். மலையெல்லாம் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. "ஒடனே போய் எடுத்துடும்மா" என்றார். ஒடனே போயிருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் நான் ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாணப் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் இன்னும் கூடின. மாப்பிள்ளைகளையும் மணப்பெண்களையும் முடித்துவிட்டு நான் அருவியை நினைத்தபோது பங்குனி வந்துவிட்டது.

நானும் தோழியும் காலை பஸ்ஸில் கிளம்பினோம். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் அவளுக்கு வாந்தி வந்தது. ஏழாவது வளைவில் மறுபடியும். நடுவில் அவள் சொன்ன ஒரே வார்த்தை, "நூறு பக்கம் எழுதியிருக்கலாம்" என்பதுதான்.

வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்தோம். டிரைவர் எங்கள் பைகளையும் ஸ்டாண்டையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"அருவிக்குண்ணா."

"இன்னாத்துக்கு?"

"படம் எடுக்க. அருவிச் சத்தமும் ரெக்கார்ட் பண்ணணும்."

வண்டியைக் கிளப்பாமலே எங்களைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணியே இல்லியே, சத்தம் எங்கேருந்து வரும்?"

ஏதோ கொஞ்சமாவது இருக்கும் என்று நம்பிப் போனோம். கொஞ்சம்தான் இருந்தது. அத்தனை உயரப் பாறையில் ஒரே ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது. எங்கள் வீட்டுக் குழாயில் வாஷர் போன அன்றைக்கு இதைவிட வேகமாக வந்திருக்கிறது. தோழி ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி நீட்டினாள். காற்றிரைச்சல் விழாமலிருக்க, தன் பழைய கரடிப் பொம்மையைப் பிரித்து மைக்குக்கு ஓர் உறை தைத்திருந்தாள். அதை ஏதோ பிராணி என்று நினைத்த நாய் ஒன்று எங்களை விடாமல் குரைத்தது. நாய் ஓய்ந்த நேரத்தில் நான்கு இளைஞர்கள் ஸ்பீக்கரோடு குளிக்க வந்து, குளிக்கத் தண்ணீர் இல்லாததால் பாட்டு மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

படிக்கட்டோரம் ஓர் அம்மா நெல்லிக்காயில் உப்பு மிளகாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் அவஸ்தையைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மழைக்கு வந்திருக்கணும் கண்ணு. அப்பல்லாம் எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னுக்கினு கத்துவாரு. ஒரு வார்த்த காதுல வுழாது. நானும் தலைய தலைய ஆட்டுவேன். ரெண்டு பேரும் சண்ட இல்லாம இருப்போம். தண்ணி கம்மியாச்சின்னாதான் தகராறே."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அருவியைப் பதிவு செய்ய வந்த எனக்கு அதெல்லாம் அருவிக்கு நடுவே வந்த இடைஞ்சலாகத்தான் பட்டது.

படங்களை எப்படியோ சமாளித்தேன். பாறையைக் கிட்டத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'காத்திருப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் புகைப்படத்தில் பஞ்சம்கூடக் கலையாகிவிடும். ஒலியில் அந்த வசதி கிடையாது. பத்து நிமிடம் சொட்டுச் சொட்டாகக் கேட்டால் யாராக இருந்தாலும் எழுந்து போய்க் குழாயை மூடத்தான் பார்ப்பார்கள்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். ஊர் நடுவே நாலு தூணில் நிற்கும் பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும், திறந்து விடுவதும், மாதம் இரண்டு முறை கழுவுவதும் அவர் வேலை. சாப்பிட்டுக்கொண்டே என் கதையைக் கேட்டார்.

"தண்ணி சத்தம்தான வோணும்? அதுக்கு எதுக்கு மலைக்குப் போவுற? வர்ற வியாழக்கெழம தொட்டி கழுவுறேன். எப்படியும் கீழ் வால்வத் தொறந்து வுடணும். நீ மைக்கப் புடிச்சிக்கினு நில்லு."

"அது டேங்க்ப்பா."

"தண்ணிக்குத் தெரியுமா, தான் டேங்க்லேருந்து வுழறோமா மலையிலேருந்து வுழறோமான்னு?"

அம்மாதான் சாம்பார் கரண்டியோடு நின்றார். "தவக்காலத்துல பொய் சொல்லப் போறியா? யாராவது கேட்டா இன்னா சொல்லுவ?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்கலன்னா அது அருவியாயிடுமா?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். தொட்டிச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் எழுபத்தைந்து பக்கத்தில் அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். அம்மாவுக்கு அது சர்ச்சில் ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் மாதிரி. எனக்குப் பக்கம் நிரம்பும்.

வியாழக்கிழமை மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். தண்ணீர் விழும் இடத்தில் அப்பா துவைக்கிற கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். "பாறையில மோதுனாதான் அருவி" என்றார். அதன்மேல் புங்கமரக் கிளை ஒன்றை ஒடித்து வைத்தார். அது காட்டுக்காம். தோழி கம்பை நீட்டினாள். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினேன். அப்பா வால்வைத் திருகினார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர் சிலிர்த்தது. கண்ணை மூடினால் கரியாலூர்தான். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். "இப்ப வெள்ளமா, சாரலா?" என்று சைகையில் கேட்டார். நான் விரலைச் சுருக்கினால் வால்வைச் சுருக்கினார். விரித்தால் விரித்தார். இருபது வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவருக்கு அன்றைக்குத்தான் அதற்கு ரசிகர் கிடைத்திருந்தார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தெருவிலிருந்து குடங்கள் ஓடிவந்தன.

"டேங்க் ஒடஞ்சிச்சா?"

"ஒடையல. கழுவுறேன்."

"அப்ப எதுக்கு அந்தப் பொண்ணு எலியக் கம்புல கட்டிக்கினு நிக்குது?"

கரடியை எலி என்றதில் தோழிக்குக் கோபம். அப்பா உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். ஜனமும் அடங்கியது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும், வீணாகப் போகும் தண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல், உள்ளே போய் இரண்டு போர்வைகளைக் கொண்டுவந்து அதே கல்லில் வாய் திறக்காமல் துவைக்க ஆரம்பித்தார். அமைதியாக இருக்கச் சொன்னோம், அவர் அமைதியாகத்தான் இருந்தார். சத்தம் போட்டது போர்வைதான்.

அதில் பத்து நிமிடத்தைத் தேற்றினேன். போர்வை அடி ஒன்று மட்டும் எவ்வளவு வெட்டியும் போகவில்லை.

ஒலிச்சித்திரம் பற்றிய பதினைந்து பக்கத்தைப் படித்த மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "எதுக்கும்மா இத எழுதின?"

"எங்க தடுமாறினோம்னு எழுதச் சொன்னீங்களே மேடம்."

"அந்தத் தடுமாற்றம் வேற, இது வேற." கொஞ்சம் யோசித்தார். "சரி, இருக்கட்டும். எழுபத்தஞ்சு பக்கத்த யாரு முழுசாப் படிக்கப் போறாங்க."

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து புறத்தேர்வாளர் வந்தார். நரைத்த தாடி, தோளில் ஜோல்னாப் பை. புகைப்படங்களை வேகமாகத் தள்ளினார். விளம்பரத்துக்கு ஒரு தலையாட்டல். ஒலிச்சித்திரம் ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடமும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால், கண் கலங்கியிருந்தது.

"கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் அங்க போனோம்மா" என்றார். "அப்படியே அந்தச் சத்தம். அந்தப் பாறை, அந்த மரம்… எல்லாத்தையும் கொண்டாந்துட்ட."

பின்வரிசையில் தோழி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். மேடம் என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று மெதுவாகத் தலையாட்டினார். நானும் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"சார், அறுபத்தி ரெண்டாம் பக்கம் கொஞ்சம் பாருங்க சார்."

புரட்டினார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப கடைசில மெல்லிசா சாரல் வந்துச்சே?"

"அப்பா வால்வ முக்கால்வாசி மூடினாரு சார்."

"நடுவுல டப்புனு ஒண்ணு கேட்டுச்சே. மேலேருந்து கல்லு உருண்டதுன்னு நெனச்சேன்."

"அது பக்கத்து வீட்டு அக்கா போர்வை தொவச்சது சார்."

அவர் முகம் சிவந்தது. போச்சு, மூன்று வருஷமும் போச்சு என்று நினைத்தேன். பிறகு அவருடைய தாடி ஆடத் தொடங்கியது. சிரிப்பு. ஜோல்னாப் பை தோளிலிருந்து நழுவி விழும்வரை சிரித்தார். அடங்கியதும், "மலையில எடுத்தது ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். நான் மடிக்கணினியில் தேடி, நாய் குரைப்பும் நெல்லிக்காய் அம்மாவும் இருந்த கோப்பைப் போட்டுக் காட்டினேன். வீட்டுக்காரர் கதை வந்ததும் மறுபடி கண்ணை மூடினார்.

"இத முன்னாடி வை. தொட்டியத் தொட்டின்னே சொல்லிப் பின்னாடி வை. ஒரு வாரம் டைம்."

பேசியவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் குரலைப் பயன்படுத்தக் கூடாது என்று மேடம் நினைவூட்டினார். மறுபடி மலை, மறுபடி மூன்றாவது வளைவு, மறுபடி தோழி. அந்த அம்மா அதே படிக்கட்டில் இருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரரும் இருந்தார். படிவத்தை நீட்டியதும் வாங்கிக்கொண்டது அவர்தான்.

"இவ இன்னா சொன்னா, அத இவ்ளோ தூரம் வந்து கையெழுத்து கேக்குறீங்க?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அருவி அழகா இருக்கும்னு சொன்னாங்கண்ணா" என்றேன்.

"அதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்று சலித்துக்கொண்டே, சாட்சி இடத்தில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பொய்யை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. என் அம்மாவிடமும் சொல்லவில்லை.

முதல் வகுப்பில் தேறினேன். ஐந்தில் ஒலிச்சித்திரத்துக்குத்தான் அதிக மதிப்பெண். 'காத்திருப்பு'க்கு இருப்பதிலேயே கம்மி. அந்தப் பாறையை இன்னும் கொஞ்சம் கவனித்து எடுத்திருக்கலாம்தான்.