இல்லாத காப்பகத்துக்கு இடம் பார்க்கப் போனேன்

சனிக்கிழமை காலை 4.50. கிரான்பர்னில் வீட்டுக் கதவைத் திறந்தபோது வெளியே மூன்று பாகைக் குளிர். யூன் மாதம் என்றால் மெல்பேர்ன் இப்படித்தான். கணவர் போர்வைக்குள் இருந்தபடியே வழியனுப்பி வைத்தார்.

"இல்லாத ஒரு இடத்தைப் பார்க்கக் காசு குடுத்துப் பிளேன் ஏறுற ஆள் உலகத்திலை நீ ஒருத்திதான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. சிறுவர்களுக்காக நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிபட்ட காட்டு விலங்குகளைக் காப்பாற்றும் ஒரு காப்பகமும், அங்கே உதவி செய்யும் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையும்தான் கதை. அந்தக் காப்பகத்தை முதலில் இங்கிலாந்தில், டெவன் பக்கத்துக் கிராமமொன்றில், கொடி படர்ந்த கல்வீட்டில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நூலகத்தில் நான் படித்த ஆங்கிலக் கதைகளில் எல்லாரும் அப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தார்கள். நான் இங்கிலாந்து போனது ஒரே ஒருமுறை, ஒரு கலியாணத்துக்கு. நாலு நாளில் பார்த்தது மழையும் கலியாண மண்டபமும்தான்.

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். போன் எடுத்து, "அக்கா, உன்ர கதையிலை மார்கழி மாசம் முள்ளெலி ஓடித் திரியுது. அது நித்திரை கொள்ளுற காலமெல்லோ! அதோட அந்தக் கிராமத்திலை உன்ர பிள்ளை ஆரோட தமிழ் கதைக்கிறது, மாட்டோடையோ?" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டெவனைக் கிழித்துப் போட்டேன்.

இதில் எனக்கு விளையாட்டில்லை. ஞாயிறுகளில் நான் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். அத்தியாயம் எழுதி முடிந்ததும் அவர்களுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். ரீச்சர் வாசித்தால் அது உண்மை என்று நம்புகிற வயது. புத்தகத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழை அவர்களோடு வீட்டுக்குப் போகும். ஆகவே காப்பகம் கற்பனையாக இருக்கலாம், அது நிற்கிற நிலம் உண்மையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

குறிப்புப் புத்தகத்தில் மூன்று தேவைகளை எழுதினேன். பக்கத்தில் காடு வேண்டும். விலங்குகள் அடிபடுகிற வீதி வேண்டும். தமிழ்ச்சனம் வலிந்து இழுக்காமல் தானாக வந்து போகிற இடமாகவும் இருக்க வேண்டும். எங்கள் கிரான்பர்ன் தாவரப் பூங்காவைப் பார்த்தேன். வேலியும் ஒழுங்கும் கூடிப்போன இடம், அங்கே கதை நடக்காது. கேரம் டவுன்ஸ் கோயிலைச் சுற்றி நடந்தேன். சனத்துக்குக் குறைவில்லை, ஆனால் சுற்றிவரத் தொழிற்சாலைகள். எஞ்சியது சிட்னிக்குத் தெற்கே, பெரிய கோயிலொன்று இருக்கும் ஹெலன்ஸ்பர்க்.

7.00 மணி விமானம். போகவர 212 டொலர். 8.25க்குச் சிட்னியில் இறங்கினேன். தம்பி ரமணன் காரோடு நின்றான். பெண்டில் ஹில்லில் இருந்து ஒரு மணித்தியாலம் ஓடி வந்தவன் என் கையிலிருந்த பையைப் பார்த்தான்.

"இதென்னக்கா, கரட்டும் அப்பிளும்?"

"கங்காருக்குட்டியைப் பார்க்கப் போறம். வெறுங்கையோட போறதே?"

ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் நாங்கள் பழம் கொண்டு போகிறவர்கள். அதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவன் சதர்லண்ட் வரும்வரைக்கும் சிரித்தான்.

விமான நிலையத்திலிருந்து ஹெலன்ஸ்பர்க் ஏறக்குறைய 45 கிலோமீற்றர். எங்கடீன் வரையில் கடைகளும் வீடுகளும். வாட்டர்ஃபோல் தாண்டியதும் யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்டதுபோல் வீடுகள் நின்றுவிடுகின்றன. இரண்டு பக்கமும் யூக்கலிப்டஸ் காடு. கங்காருப் படம் போட்ட மஞ்சள் பலகை. அதற்குக் கொஞ்சத் தூரத்திலேயே, வீதி ஓரப் புல்லில், ஒரு வல்லபி கால் நீட்டிக் கிடந்தது. வல்லபி என்பது கங்காருவின் சின்ன இனம், நல்ல வளர்ந்த நாயளவு இருக்கும். கோயில் திருப்பத்துக்கு முன் இன்னும் இரண்டு கண்டேன். மூன்று என்று எழுதினேன்.

"உதெல்லாம் ஏன் எண்ணுறியள்?" என்றான் ரமணன்.

"நீ இந்த ரோட்டிலை அடிக்கடி வாறனியோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வாறனாங்கள். பூசைக்குப் பிந்திப்போகும் எண்டு கொஞ்சம் மிதிக்கிறதுதான்."

வெள்ளி மாலை என்றால் இருட்டுப் படுகிற நேரம். விலங்குகள் புல் மேய வெளியே வருவதும் அப்போதுதான். அவன் காரின் வேகத்தைக் குறைத்ததைக் கவனித்தேன்.

10.05. காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம் எழுந்து நிற்பதை முதல்முறை பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள். நானும் நின்றேன். கும்பிட்டுவிட்டுக் கன்ரீனில் தோசை சாப்பிட்டோம். கியூவில் எனக்கு முன்னால் தெலுங்கு, பின்னால் கோயம்புத்தூர்த் தமிழ், பக்கத்தில் எங்கள் வடமராட்சி. வாகனத் தரிப்பிடத்தின் விளிம்பில் மரங்களுக்குள் ஏதோ சருகு கிண்டுகிற சத்தம். காடு, வீதி, சனம். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. புத்தகத்தில் மூன்று சரி போட்டேன். டெவனில் கல்வீட்டைக் கட்டி நான் தொலைத்த ஒன்றரை வருடத்தை நினைக்க ஆத்திரமாகவும் வந்தது.

இதுவரை ஊர்ப்பெயரும் தூரமும் கணக்காகச் சொன்னேன். இனிச் சொல்லப் போவதில்லை. செல்வி போட்ட முதல் நிபந்தனை அது.

செல்வி திருநெல்வேலிக்காரி. நாற்பது வயது இருக்கும். ரமணனோடு ஒரே கணினி நிறுவனத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். ஆறு வருடமாக, அனுமதிப்பத்திரம் பெற்று, தாயிழந்த வல்லபிக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிறார். அவரையும் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அவர் இரண்டு பேர் வரவேண்டாம் என்றதால் ரமணன் காரிலேயே இருந்துவிட்டான்.

11.30க்கு அவர் வீட்டு வாசலில் நின்று பெயர்ப்பலகையைத் தேடினேன்.

"காப்பகம் எந்தப் பக்கம்?"

"காப்பகம்னு தனியா ஒண்ணும் இல்லக்கா. எங்க வீட்டு லாண்டரி ரூம்தான். இங்க முக்காவாசிப் பேரு வீட்டுலதான் வச்சு வளக்கிறோம். உள்ள வாங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

என் நாவலில் காப்பகத்துக்கு வளைந்த இரும்புக் கதவு, அம்புலன்ஸ், பார்வையாளர் அறை எல்லாம் இருக்கிறது. இங்கே கதவோரத்தில் கழற்றி விட்ட நாலு சப்பாத்து. பழப்பையைக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இத்தனை ஆப்பிளா! நாங்க சாப்பிட்டுக்கிறோம்க்கா. குட்டிக்கு இதெல்லாம் ஆகாது."

குசினிக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார். எனக்குப் பின்னால் மூடிய கதவொன்று. கீழ் இடுக்கில் வெளிச்சம் போகாமல் துவாயைச் சுருட்டி வைத்திருந்தார். தேநீர் பாதியில் நான் கேட்டுவிட்டேன்.

"குட்டியை ஒருக்காப் பார்க்கலாமோ?"

"வேண்டாம்க்கா."

நான் சட்டென்று விடுகிற ஆளில்லை. "உள்ளுக்கு வரேல்லை. வாசலிலை நிண்டு ஒரு நிமிசம்."

"இன்னும் மயிரே முளைக்கலக்கா அதுக்கு. அம்மா வயித்துப் பைக்குள்ள இருட்டுல இருக்க வேண்டியது. புதுக் குரல், புது வாசனை, எல்லாமே பயம். பயத்துலயே உயிரு போயிடும். என் வீட்டுக்காரரே அந்த ரூமுக்குள்ள போறதில்ல."

உள்ளபடி சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. எழுநூறு கிலோமீற்றர் பறந்து வந்த மனுசியிடம், தேத்தண்ணி தந்து இருத்திவிட்டு, அடுத்த அறைக் கதவைத் திறக்க மாட்டேன் என்றால்? எங்கள் வீடுகளில் குழந்தை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, ஆரும் வரக்கூடாத தீட்டு. அதற்குள் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிடும், பார்க்காவிட்டால் தாய்க்காரி கோபிப்பாள். கோபத்தை மறைக்கக் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். மூன்றாம் அத்தியாயம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் அழவைத்தது. முன்பு முள்ளெலிக்குட்டி இருந்த இடத்தில், வகுப்பில் வாசிக்க முன்பே வல்லபிக்குட்டியைப் போட்டிருந்தேன், தாயின் பையைத் தவிர மற்றதெல்லாம் பழையபடியே. அதை வாசித்தால் செல்வி இளகிக் கதவைத் திறப்பார் என்று ஒரு நப்பாசை.

முள்ளெலியை மாற்றிய கதையையும் சொல்லி, மெல்லிய குரலில் வாசித்தேன். வீதியோரம் செத்துக் கிடக்கும் தாய். அதன் பையிலிருந்து குட்டியைப் பிள்ளை பிரித்தெடுக்கிறாள். நெஞ்சோடு அணைக்கிறாள். வீட்டில் பசும்பாலை இளஞ்சூடாக்கி, ஒரு சிட்டிகை சீனி போட்டு, பஞ்சில் தோய்த்துச் சொட்டுச் சொட்டாய் ஊட்டுகிறாள். விடியும்போது குட்டி கண் திறக்கிறது.

செல்வி கோப்பையை மேசையில் வைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது கொலை."

வாசித்த தாளை மடியில் இறக்கினேன்.

"மாட்டுப்பாலு இதுகளுக்குச் சேராது. வயித்தால போகும், கண்ணு போயிடும், அப்புறம் உயிரும் போகும். முள்ளெலிக்கும் ஆகாதாம், எங்கயோ படிச்சேன். காம்பைக் கவ்விட்டு இருக்கிற குட்டியைப் பிச்சு எடுத்தா வாயே கிழிஞ்சுடும்."

பிறகு ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் கோயிலுக்கு வந்து திரும்பியவர்கள், வீதியில் இதேபோல ஒரு தாய் கிடக்கக் கண்டு காரை நிறுத்தியிருக்கிறார்கள். குட்டியை எடுத்தார்கள். பிளாஸ்கில் பால் இருந்தது. காரில் இருந்த ஐந்து பிள்ளைகளும் மடிக்கு மடி மாற்றி வைத்துத் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமோ விசாரித்து இங்கே கொண்டுவர இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது.

"ரொம்ப நல்ல மனுசங்க. அந்தம்மா அழுதுகிட்டே நின்னாங்க. ரெண்டாம் நாளு குட்டி போயிடுச்சு. அவங்க மேல எனக்குக் கோவமே வரலக்கா. எங்கம்மாவா இருந்தாலும் பாலுதான் குடுத்திருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு என் வகுப்பு நினைவு வந்தது. அந்த அத்தியாயத்தை வாசித்த ஞாயிறன்று ஆரணி கை உயர்த்தினாள். ஒன்பது வயது. கிரான்பர்னின் கடைசித் தெருவில் வீடு, வேலிக்கு அப்பால் புல்வெளி, அந்தியில் கங்காருக்கள் வந்து நிற்கும். "நான் ஒண்டைக் கண்டா இப்பிடிச் செய்யலாமா ரீச்சர்?" என்று கேட்டாள். ஓம், கட்டாயம் செய்யவேணும் என்று சொல்லி, எல்லாரையும் அவளுக்குக் கைதட்ட வைத்தேன். நான் செய்த வேலை அது.

பேனையை எடுத்தேன். "என்ன செய்யவேணும் எண்டு முதலிலிருந்து சொல்லுங்கோ, செல்வி."

சொன்னார். பிள்ளை வீதிக்கு இறங்கக்கூடாது, பெரிய ஆளைக் கூப்பிட வேண்டும். பெரியவர் விலங்கு மீட்பு இலக்கத்துக்கு அடித்து, அவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். குட்டியைத் துணியால் போர்த்திச் சூடாக, இருட்டாக, சத்தமில்லாமல் வைத்திருக்க வேண்டும். தின்னவோ குடிக்கவோ ஒன்றும் கொடுக்கக்கூடாது. தடவக்கூடாது. எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

1.40க்கு அவருடைய போனில் மணி அடித்தது. குட்டியின் பால்நேரம். அதற்கென்றே விற்கிற மாவில் கரைத்த பால். விடைபெறும்போது இரண்டாவது நிபந்தனையையும் போட்டார்.

"கதையில என் வீடு வேண்டாம்க்கா. இந்த ரோடும் வேண்டாம். கோயிலுக்கு வர்ற ஜனம் பூரா பிள்ளைங்களக் கூட்டிட்டு குட்டி பாக்க வந்துரும்."

"வராது, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன். செல்வி கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, பக்கவாட்டில் உள்ளே போய், சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்தான், தலையைக் கொஞ்சம் சரித்திருந்தால் போதும்.

ரமணன் காரில் சலித்துப்போய் இருந்தான். "என்னக்கா, குட்டியைப் பார்த்தியளோ?"

"இல்லை."

"அப்ப வந்த காசு வீண்."

"வாயை மூடிக்கொண்டு ஓட்டு. மெல்ல ஓட்டு."

திரும்பும் வழியில் கதையைக் குலைத்துக் கட்டினேன். வாட்டர்ஃபோலுக்குத் தெற்கே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊர். காட்டுக்குள் கோயில், கோயிலுக்குப் போகிற வீதி, அவசரமாய்ப் போகிற எங்கள் சனம். காப்பகம் என்பது ஒரு வீட்டின் உடுப்புத் தோய்க்கிற அறை, வெளியே பலகை கிடையாது. என் கதாநாயகி குட்டிக்குத் துணிப்பை தைப்பாள், பால்நேரத்தை மணி பார்த்துச் சொல்லுவாள். அறைக்குள் ஒருநாளும் போகமாட்டாள். பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகலாம், அச்சுக்குக் கேட்டிருக்கும் பதிப்பாளருக்கும் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் பதினொரு பக்கத்தையும் காரிலேயே குறுக்காகக் கோடடித்தேன். கோடு அடிக்கும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை.

4.35. சிட்னி விமான நிலையம். 5.30க்கு விமானம். ஞாயிறு வகுப்பு வரைக்கும் பொறுக்க எனக்கு மனமில்லை. மெல்பேர்னிலும் இப்போது அந்தி சாய்கிற நேரம். ஆரணியின் தாய்க்குப் போன் எடுத்து, பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஆரணி, ரீச்சர் உனக்கு ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டன். கங்காருக்குட்டிக்குப் பால் குடுக்கக் கூடாது. தொடக்கூடாது. நீ கண்டா ஓடிப்போய் அம்மாட்டச் சொல்லவேணும், அம்மா போன் பண்ணுவா. விளங்குதோ?"

பிள்ளை ஆங்கிலத்தில் என்னை மறித்தாள்.

"யூ செட் கிவ் மில்க்."

"ஓம், சொன்னனான். அது பிழை. எனக்குத் தெரியாமச் சொல்லிப்போட்டன்."

"ஓகே. பட் ரீச்சர், வட் இஃப் இற்ஸ் க்ரையிங்?"

பசித்து அழுகிற ஒன்றுக்கு ஒன்றும் கொடுக்காதே என்று என் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. என் தாயும் சொன்னதில்லை.

"அழுதாலும் குடுக்காதை, பிள்ளை" என்றேன்.

"ஓகே" என்று அவள் போனைத் தாயிடம் கொடுத்தாள். தாய்க்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், மீட்பு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வரிசையில் நின்ற ஆள் நான் ஒருத்திதான்.